வெள்ளிக்கிழமை ஈரம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். என் வீட்டுக்காரர் சந்திரன் வேலை முடிந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதைப்பொருள் என்றால் தூக்குக் கயிறு வரை போகிற நம் மலேசியாவில் வெள்ளைத் தூளைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற வயதா இவருக்கு?

“என்னங்க இது?”

“தெரியல மாலா. சர்வர் ரூம்ல தரை ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. லேப்புக்கு அனுப்பணும். தொடாத.”

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஆளா நான்? பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். அவர் கை கழுவப் போன நேரத்தில் உறையைத் திறந்தேன். சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.

“அடியே! அது என்னன்னே தெரியாது... வாயில வைக்கிற!”

“எனக்குத் தெரியுங்க. உப்பு.”

செய்யக்கூடாத காரியம்தான், நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் முப்பது வருஷம் குழம்பு வைத்த நாக்கு பொய் சொல்லாது. அதுவும் பாக்கெட்டில் வருகிற தூள் உப்பு இல்லை. கடைசியில் லேசாக ஒரு கசப்பு தட்டியது – கல் உப்பு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “உப்பா? சர்வர் ரூம்ல உப்பா? அங்க எப்படி...”

அந்த ‘எப்படி’க்குப் பதில் என்னிடமே இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் சரியாக வரும். என் வீட்டுக்காரர் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர். எந்த மருத்துவமனை என்பது வேண்டாமே. லிஃப்ட், ஜெனரேட்டர், ஏர்கான், ஒழுகுகிற குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் மனுஷனுடைய உயிர் இருப்பது மூன்றாம் மாடியில், கணினிகளை அடுக்கி வைத்திருக்கிற ஓர் அறையில். எங்கள் வீட்டு ஹால் அளவுதான் இருக்குமாம். சுற்று வட்டாரத்து எஸ்டேட்களிலிருந்தும் பக்கத்து ஊரான யோங் பெங்கிலிருந்தும் வருகிற நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

சரி, கணினிக்கு என்ன பராமரிப்பு? குளிராக வைத்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“குளிர் பெரிய விஷயமே இல்ல,” என்பார் அவர். “ஈரம்தான் விஷயம்.”

காற்றில் இருக்கிற ஈரத்தைச் சொல்கிறார். ஹுமிடிடி. அந்த அறையில் அது நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அறுபதுக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால், ஐஸ் போட்ட தே ஓ தேநீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அது மாதிரி குளிர்ந்த இரும்பில் ஈரம் கோக்கும், துருப் பிடிக்கும். இறங்கினால் இன்னொரு வம்பு. காற்று ரொம்பக் காய்ந்துவிட்டால் மனிதர் உடம்பில் மின்சாரம் சேர்ந்துகொள்ளும். தொட்டால் சுளீர் என்று ஒரு பொறி. நமக்கு உறைக்கக்கூட உறைக்காத பொறி போதுமாம், ஒரு சிப்பைச் சாகடிக்க.

இதையெல்லாம் அவர் காலையில் பசியாறும்போது சொல்வார். நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே ஒரு மீட்டர் வாங்கி வந்துவிட்டார். ஹாலில் வைத்தார். எண்பத்தாறு! மழை நாளில் தொண்ணூறைத் தாண்டியது. ஜொகூரில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? பெல்ட்டில் பூசணம் பூக்கும். அலமாரியில் வைத்த பட்டுப்புடவை வாடை அடிக்கும். தீபாவளி முறுக்கை டின்னில் போட்டு, மூடியை அழுத்த மறந்தால் மறுநாளே நமுத்துப் போகும்.

“நமுத்துப் போறது முறுக்குக்கு மட்டும்னு நினைக்காத. மெஷினும் நமுக்கும்,” என்பார்.

“என்னைக்காவது என்னை இவ்ளோ கவனமா பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே, “நீ நல்லாத்தானே இருக்க,” என்றார். என்னத்தைச் சொல்ல?

பதினோரு வருஷம் அந்த அறையை அவர் பெரிய குறை எதுவும் இல்லாமல் காத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது வினை.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை. அவர் போனில் அலாரம். ஈரம் அறுபத்து மூன்று. ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்குள் தானாக நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. சரி, என்னவோ என்று விட்டார்.

அடுத்த வெள்ளி. ஒன்பதரை. அறுபத்தைந்து.

அதற்கடுத்த வெள்ளி. அறுபத்தெட்டு!

மற்ற ஆறு நாளும் சமர்த்தாக இருக்கிற அறைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்ன வந்தது? ஏர்கான் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். திறந்தார், மூடினார். “பாஸ், மெஷின் ஓகே லா,” என்று சொல்லிவிட்டுப் போனார். சென்சாரை மாற்றினார்கள். கதவு ரப்பரை மாற்றினார்கள். ஜொகூரில் வார விடுமுறை மாறி வெள்ளிக்கிழமை வேலை நாளான பிறகு கட்டடத்தில் கூட்டம் கூடிப்போச்சு, அதனால்தான் என்றார் ஒருவர். கூட்டம் திங்கள்கிழமையும்தானே கூடுகிறது? 

எட்டாவது வெள்ளியில் எழுபதைத் தொட்டது. திங்கள்கிழமை நிர்வாகி கூப்பிட்டுவிட்டார். பெயர் ரோஹானி; மலாய்ப் பெண்மணி, ‘புவான்’ என்று மரியாதையாகச் சொல்வோம். நல்ல மாதிரி, ஆனால் கண்டிப்பு. வருகிற வெள்ளியும் அலாரம் அடித்தால் பராமரிப்பு வேலை மொத்தத்தையும் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அதாவது சந்திரனுக்கு வேலை இல்லை. ஐம்பத்தாறு வயதில்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஹாலில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வீட்டுக் கடன் முடிந்தாயிற்று, மகள் வேலைக்குப் போகிறாள், சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அறையைக் காக்கத் தெரியாதவன் என்ற பெயரோடு அந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்தால் உடைந்துபோவார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் அந்த அறையின் தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார். இடுக்கில் வெள்ளைத் தூள். அதைத்தான் வழித்து எடுத்து வந்தார்.

இப்போது திரும்பவும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். உறை கிடக்கிறது. என் நாக்கில் உப்புக் கரிக்கிறது. அவர் சத்தமாக யோசிக்கிறார்.

“உப்புன்னா... தண்ணியில கரைஞ்சு வந்திருக்கணும். தண்ணி காஞ்சு உப்பு நின்னுருக்கு. யாரோ உப்புத் தண்ணி விட்டுருக்காங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை... எவன்டா வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணி விடுவான்?”

நான் எழுந்து பழைய பேப்பர் கட்டை இழுத்தேன்.

வாசகர்களே, உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் என்ன எழுதினேன்? ‘வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறதா? கண்ணேறாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் வீடு துடைக்கிற தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டுத் துடையுங்கள். திருஷ்டி ஓடிப் போகும்.’ அந்த வாரம் எழுத விஷயம் அகப்படவில்லை. பாதி விளையாட்டாக, பாதி இடத்தை நிரப்புவதற்காக எழுதியது. எழுதினேன், மறந்தேன்.

“அங்க யாருங்க தரை துடைக்கிறது?” என்றேன். 

“புஷ்பம்.” சொல்லிவிட்டு அவரும் நிமிர்ந்தார்.

புஷ்பம் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு லோரோங் சந்து தள்ளி இருக்கிறாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை, கொந்திராக் அதாவது ஒப்பந்தக் கம்பெனி வழியாக. என்னைவிட நாலு வயது சின்னவள். என் பத்தியை வெட்டி வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைக்கிறவள். கோயிலில் பார்த்தால், “இந்த வாரம் நல்லா இருந்துச்சுக்கா,” என்பாள். அதைக் கேட்டு எத்தனை நாள் குளிர்ந்து போயிருக்கிறேன் தெரியுமா?

உடனே நடந்தோம். எங்கள் இருவரையும் வாசலில் பார்த்ததும் புஷ்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாங்கக்கா! வாங்க சார்! குடிக்கத் தேத்தண்ணி கலக்குறேன்.”

“புஷ்பம், சர்வர் ரூம் தரைய எப்படித் துடைக்கிறீங்க?” என்றார் அவர்.

“நல்லாத்தான் சார் துடைக்கிறேன்.”

“தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல?”

“தண்ணி ஊத்தக் கூடாதுன்னுதானே சார் சொன்னாங்க? நான் ஒரு சொட்டு ஊத்தல. வெளியவே மாப்ப முக்கி, நல்லாப் புழிஞ்சுதான் உள்ள கொண்டுபோனேன்.”

“முக்குன தண்ணியில என்ன போட்டீங்க?”

புஷ்பம் என்னைப் பார்த்தாள். பரீட்சையில் சரியான பதிலை எழுதிவிட்ட பிள்ளையின் முகம். “அக்கா எழுதினாங்கல்ல? கல் உப்பு. வெள்ளிக்கிழமை மட்டும்தான்கா. மஞ்சள் போடல... வெள்ளைத் தரை, கறையாயிடும்ல?”

நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

“ஏன் புஷ்பம்... அந்த ரூமுக்கு எதுக்கு?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? முதல்ல பேட்டரி போச்சு. அப்புறம் பைப்பு ஒழுகுச்சு. சார் மூஞ்சியே வாடிப்போச்சு. அந்த ரூமுக்கு வர்ற பெரிய பெரிய ஆளுங்கள்லாம் கண்ணாடி வழியா வாயப் பொளந்துகிட்டுப் பாக்குறாங்க. ‘வாவ் வாவ்’ங்கிறாங்க. கண்ணு படாம என்ன செய்யும்?”

அதோடு விட்டாளா? இல்லை.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அலாரம் அடிக்குதுன்னு வாசல் காவலுக்கு இருக்குற ஜாகா சொன்னாருக்கா. திருஷ்டி பலமா இருக்கும் போலன்னு அடுத்த வாரம் ரெண்டு கைப்பிடி போட்டேன். அதுக்கும் அடங்கல. மாப்ப லேசாப் புழிஞ்சு, நல்லா ஈரமா, நாலு மூலைக்கும் விட்டுத் துடைச்சேன்.”

அறுபத்து மூன்று, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவரைக் காப்பாற்ற அவள் எவ்வளவு பாடுபட்டாளோ அவ்வளவுக்கு அந்த மீட்டர் ஏறியிருக்கிறது.

விஷயத்தை மெதுவாகச் சொன்னோம். புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அலாமாக்... என்னாலயா? சார் வேலை என்னாலயா போகப் போகுது?” அப்புறம் அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் இவர் வேலை தப்பும், புஷ்பத்தின் வேலை போகும். கொந்திராக் கம்பெனிக்கு ஒரு போன் போதும். சொல்லாமல் விட்டால்? வெள்ளிக்கிழமை அலாரம் அடிக்காது, சரி. ஆனால் காரணம் என்ன என்று புவான் கேட்பார். இவருக்குப் பொய் சொல்ல வராது. வந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல மாலா.”

“நான் வர்றேன். எழுதினது நான்தானே.”

புதன்கிழமை காலை, கையில் அந்தப் பழைய பேப்பரோடு புவான் ரோஹானியின் அறையில் இவரோடு போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் எழுதுகிறேன், என் எழுத்துக்காக ஒருவரைப் பார்த்து நடுங்கியது அன்றுதான். மலாயில் நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் தெரியாதே! சந்திரனிடம் நீட்டினார். படித்துச் சொல்லுங்கள், முழுக்க என்றார்.

என் வீட்டுக்காரர் என் பத்தியை முழுதாகப் படித்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன். வரிக்கு வரி மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று நின்றுவிட்டார். எனக்கு ஞாபகம் வந்தது... ஐயோ. அங்கே நான் இவரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க? முழுக்கச் சொல்லுங்க,” என்றார் புவான்.

சந்திரன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ‘இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னால், உப்பு குழம்புக்குத்தான் என்பார். கடவுள் அவருக்கு மனசு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு மீட்டரை வைத்துவிட்டார்.’ சுத்தமான மலாயில், ஒரு சொல் விடாமல் சொன்னார். பொய் சொல்ல வராது என்று சொன்னேனே!

புவான் ரோஹானி முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அப்புறம், “காராம் காசார்?” என்று கேட்டார். மலாயில் கல் உப்பு. தன் அம்மாவும் புது வீட்டுக்குப் போனபோது நாலு மூலையிலும் அதைத்தான் தூவினார் என்றார். மலாய்க்காரர் வீட்டிலுமா! எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

உடனே அவர் முகம் மாறியது. எழுந்தார். “வாங்க. நீங்க எழுதினது எங்க போய் விழுந்துச்சுன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.”

இத்தனை நாள் காதால் மட்டும் கேட்ட அறைக்கு அப்படித்தான் போனேன். செருப்புக்கு மேல் உறை. தரையில் பசை தடவிய ஒரு பாய். அதில் நாலு எட்டு வைத்தால் தூசியை வாங்கிக்கொள்ளுமாம். முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது கதவு திறந்தது.

திறந்ததும் நான் நின்றுவிட்டேன்.

சத்தம். ஆயிரம் மின்விசிறி ஒரே நேரத்தில் சுழல்கிற சத்தம். ஆள் உயரக் கறுப்பு அலமாரிகள் இரண்டு வரிசை. உள்ளே ஆயிரக்கணக்கில் பச்சைப் பொட்டுகள், ஒன்று அணைய ஒன்று எரிய. தரையில் துளை போட்ட பலகைகள், அவற்றின் வழியாகக் குளிர்ந்த காற்று கீழேயிருந்து மேலே எழும்பி என் பஞ்சாபி சூட்டின் ஓரத்தைத் தூக்கியது. வெளியே நல்ல மழை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வருவதற்குள் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இங்கே வந்ததும் அது தானாகத் தெளிந்தது. தோலில் பிசுபிசுப்பு இல்லை. அதே நேரம் உதடு காயவும் இல்லை. ஐம்பத்து மூன்று வருஷம் ஜொகூரில் இருக்கிறேன், இப்படியொரு காற்றை நான் சுவாசித்ததே இல்லை.

சந்திரன் ஏர்கான் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“இது எதுக்கு?”

“ஏர்கான் ஈரத்தை ரொம்ப எடுத்துடும். அப்போ இது ஆவி விட்டு ஈடு கட்டும். எடுக்கவும் வேணும், கொடுக்கவும் வேணும்.”

யோசித்துப் பாருங்கள். வெளியே வானம் உடைந்து கொட்டுகிறது. உள்ளே ஓர் இயந்திரம் தண்ணீரைக் காய்ச்சி, காற்றுக்கு மடக்கு மடக்காக ஊட்டிக்கொண்டிருக்கிறது! பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுகிற அளவு. கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அதைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர் என் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். இவரையா நான் மீட்டர் என்று எழுதினேன்?

புவான் ஒரு பழைய சர்க்யூட் போர்டைக் காட்டினார். வேறு ஓர் இடத்திலிருந்து கழற்றி, பாடத்துக்காக வைத்திருக்கிறார்களாம். செம்புக் கோடுகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. பூசை அறையில் தேய்க்காமல் விட்ட பஞ்சபாத்திரம் அப்படித்தான் இருக்கும்.

“உப்பு காஞ்சா தூள்,” என்றார் சந்திரன் என்னிடம் மெதுவாக. “இங்க காத்து கீழயிருந்துதான் மேல ஏறுது. தூளையும் தூக்கிட்டுப் போகும். மெஷினுக்குள்ள போய் உக்காந்துச்சுன்னா, கொஞ்சம் ஈரம் பட்டாலும் போதும், தின்ன ஆரம்பிச்சிடும். நல்லவேளை, இன்னும் உள்ள போகல. எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேன்.”

“இந்த அலமாரியில என்னங்க இருக்கு?”

“ஸ்கேன் படமெல்லாம்.”

 நாலு வருஷத்துக்கு முன்னால் என் மார்பில் ஒரு கட்டி இருந்தது. இதே மருத்துவமனையில்தான் படம் எடுத்தார்கள். வருஷா வருஷம் டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா, அப்படியேதான் இருக்கு,” என்பார். அந்தப் பழைய படம் இல்லாவிட்டால் ‘அப்படியேதான் இருக்கு’ என்று எதை வைத்துச் சொல்வார்? என் நிம்மதி இத்தனை நாள் இந்த அலமாரியில், ஒரு பச்சைப் பொட்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் எழுதிய ஒரு வரி அதன் காலடி வரைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

பயமா, பக்தியா தெரியவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புவான் பார்த்தார். 

வெளியே வந்ததும் தீர்ப்பு சொன்னார். புஷ்பத்தை யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. ஈரம் என்றால் என்ன, ஏன் ஆகாது என்று அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அது நிர்வாகத்தின் தப்பு என்றார். கதவில் ஆங்கிலத்திலும் மலாயிலும் அறிவிப்பு இருக்கிறது, தமிழில் இல்லை. அதை நான் எழுதித் தர வேண்டும். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார்.

“பேப்பர்ல எழுதினது நீங்கதானே? திருத்தி எழுதுறதும் நீங்கதான்.”

ஆக, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது என் தண்டனை. எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை, கல் உப்பு, மாப் எல்லாம் உங்கள் வீட்டோடு இருக்கட்டும். வேலை செய்கிற இடத்தில் கணினி இருந்தால், தயவுசெய்து தண்ணீரைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஊற்றவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்.

கதவு அறிவிப்பையும் நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். ‘ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி’ என்று எழுதினால் புஷ்பத்துக்கு என்ன புரியும்? கடைசியில் இப்படி எழுதினேன்: ‘பிழிந்த துணியும் ஈரத் துணிதான். காய்ந்த துணி மட்டும். உள்ளே இருப்பது நமுத்துப் போகும்.’ புஷ்பம் அதைப் படித்துவிட்டு, “இப்படி முதல்லயே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் மாப்பையே தூக்கியிருக்க மாட்டேன்கா,” என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டாள். “அப்போ அந்த ரூமுக்குத் திருஷ்டி எப்படித்தான்கா கழிக்கிறது?”

 சந்திரனிடம் கேட்டேன். “திருஷ்டியாவது மண்ணாவது,” என்று சொல்லிவிட்டுத் தரைப் பலகையிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே வேலை.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதே கால். ஒன்பதரை. ஒன்பதே முக்கால்... போன் ‘டிங்’ என்றது.

படம் ஒன்று அனுப்பியிருந்தார். சர்வர் அறைக் கதவுக்கு வெளியே சுவரில் இருக்கிற ஈரம் காட்டும் மீட்டர். பச்சை எழுத்தில் நாற்பத்தெட்டு.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாற்பத்தெட்டைப் பார்த்து, பிள்ளை பரீட்சை பாஸ் செய்த மாதிரி அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படத்தைப் பார்த்தபோதுதான் கீழ் மூலையில் அது கண்ணில் பட்டது. கதவுக்கு வெளியே ஜாகா உட்காருகிற மேசை. மேசை மேல் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். என் கிண்ணம்! வாயில் நெளிவு விழுந்த என் கிண்ணம்! நிறைய கல் உப்பு.

அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். உப்பு ஜாடி பாதி காலி.

சாயங்காலம் வந்தவரிடம் போனை நீட்டினேன். “இது என்னங்க?”

“அதுவா?” முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். “உப்பு ஈரத்தை இழுக்கும். தெரியாதா உனக்கு? சயின்ஸ்!”

சரிதான். உப்பு ஈரத்தை இழுக்கும், நான் மறுக்கவில்லை. அந்த உப்புக்கு நடுவில் செருகியிருந்த மூன்று காய்ந்த மிளகாய் எதை இழுக்கும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.